ஓரியூர் அருளானந்தர்: பரோக் முறையில் ஒரு நிலக்காட்சி

புனிதர் படம் என்றாலே நம் பக்கத்தில் ஓர் அமைப்பு நிலைத்துவிட்டது. நடுவில் ஆளுயரப் புனிதர், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், பேருக்கு ஒரு மேகம், ஓரத்தில் இரண்டு பனை. கொடி, சப்பரம், காலண்டர் எல்லாவற்றிலும் இதேதான். கொடிக்கு அது பொருந்தும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டுமே. கோயில் சுவரிலோ வீட்டு முன்னறையிலோ நின்று பார்க்கிற படத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ரோமில் வளர்ந்த பரோக் வழி அது. நிலம் பெரிதாக விரியும், புனிதர் விரல் நீளத்துக்குள் இருப்பார். வானம், மரம், தண்ணீர் என்று சுற்றிவரும் கண் கடைசியில் அவரிடம் வந்து நிற்கும். அப்படி நிற்க வைப்பதற்காகவே படத்தின் வெளிச்சம் முழுவதும் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும். இந்த முறையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரில் மறைசாட்சியாக இறந்த புனித அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவது எப்படி, நம் கரையின் உப்புக் காற்றில் எது எதனால் கெடும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டிய படங்கள். அன்னிபாலே கராச்சி 1604 வாக்கில் வரைந்த 'எகிப்துக்குத் தப்பிச் செல்லுதல்' ரோமில் டோரியா பாம்ஃபிலி காட்சிக்கூடத்தில் இருக்கிறது. ஏழரை அடி அகலம், மேல்விளிம்பு வில்போல வளைந்தது. அத்தனை பெரிய படத்தில் மாதாவும் குழந்தையும் சூசையப்பரும் கழுதையும் சேர்ந்து அடைத்திருக்கும் இடம் மிகக் கொஞ்சம். பின்னால் ஆறு, அதில் ஒரு படகு, நடுவில் கோட்டை. அடுத்து க்ளோட் லோரேன். புனித உர்சுலா கப்பலேறும் துறைமுகத்தை 1641இல் வரைந்தார், லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஒஸ்தியா துறைமுகத்தில் புனித பவுலா கப்பலேறும் படம் ஸ்பெயின் மன்னர் நான்காம் ஃபிலிப்பின் அரண்மனைக்காக வரைந்தது, இப்போது மத்ரித் பிராதோவில். நிக்கோலா பூசான் 1640இல் வரைந்த 'பத்மோஸ் தீவில் புனித யோவான்' சிகாகோவில். இவற்றின் பெரிய அளவுப் படங்கள் அந்தந்தக் காட்சிக்கூடங்களின் தளங்களிலேயே கிடைக்கும். தரவிறக்கி, போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வண்ணம் போனதும் அடிப்படை வெளிப்படும். முன்னால் ஒரு பக்கம் கரும் மரம் அல்லது கட்டடம், அடுத்து வெளிச்சம் விழுந்த ஒரு துண்டு நிலம், அதற்கப்பால் நடுத்தர நிழல், கடைசியில் வெளிறிய தூரம். நான்கே நான்கு அடர்த்திகள். புனிதர் எப்போதும் அந்த வெளிச்சத் துண்டிலோ அதன் விளிம்பிலோ இருப்பார்.

அருளானந்தரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அவர் இந்த ஓவியர்களின் காலத்து மனிதர். 1647இல் லிஸ்பனில் பிறந்தவர், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தவர். 1682இல் ரோமில் லோரேன் இறந்தபோது இவர் தமிழ்நாட்டில் மறைப்பணியில் இருந்தார். ஐரோப்பியப் புனிதரை நம் ஊர் மண்ணில் ஒட்டவைக்கும் செயற்கை இங்கே இல்லை. காலமும் இடமும் தாமாகவே பொருந்துகின்றன.

அந்த பிப்ரவரி தேதியே படத்துக்குப் பருவத்தையும் சொல்லிவிடுகிறது. மழை முடிந்து கண்மாயில் தண்ணீர் கிடக்கும். நெல் அறுப்பு நடந்திருக்கும், தாள் மஞ்சளாக நிற்கும். வாடைக் காற்று தணிந்து வானம் தெளிந்திருக்கும். சித்திரை வெயிலில் வெடித்த பொட்டலைப் பின்னணியாக வைத்தால் பருவம் தப்பு. மரங்களிலும் இதே கவனம் வேண்டும். இன்று திருவாடானைப் பக்கம் எங்கே திரும்பினாலும் சீமைக் கருவேலம் நிற்கிறது; அது 19ஆம் நூற்றாண்டில் வந்தது. கடற்கரைச் சவுக்குத் தோப்புகளும் அதே நூற்றாண்டில்தான் போடப்பட்டன. 1693 படத்தில் இரண்டுக்கும் இடமில்லை. பனை, வேம்பு, புளி, ஆல், பூவரசு, உடைமரம் ஆகியவை போதும்.

இதில் உடைமரத்தை நான் பெரிதும் சிபாரிசு செய்வேன். பரோக் நிலக்காட்சிக்கு முன்னால் ஒரு பக்கம் கரும் மரம் தேவை, அது கிளை விரித்து வானத்தின் ஒரு பகுதியை மறைக்க வேண்டும். ரோமில் அதற்குக் குடை போன்ற தலையுடைய பைன் மரம் இருந்தது. நம் கரையில் அதே வடிவத்தில், தட்டையாக விரிந்த தலையோடு உடை நிற்கிறது. பனையை அந்த இடத்தில் வைத்தால் படம் கெடும். நேர்க்கோடாக நிற்கும் தண்டு படத்தைக் கம்பி போட்டதுபோலப் பிரித்துவிடும், மேலே உருண்டைத் தலை கண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும், புனிதரிடம் போகவிடாது. பனையை நடுத்தூரத்துக்குத் தள்ளுங்கள். மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில், உயரம் மாற்றி, ஒன்றிரண்டைச் சற்றே சாய்த்து வையுங்கள். இன்னும் அப்பால் போகும் பனை வரிசை வெறும் நீலச் சாம்பல் புள்ளிகளாகத் தேயட்டும். மலையே இல்லாத நம் நிலத்தில் தூரத்தைக் காட்ட அதைவிட நல்ல கருவி கிடையாது.

ஓரியூரிலிருந்து கடல் தெரியாதே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். உண்மைதான், தொண்டிக் கடற்கரை கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் இந்த வகை ஓவியம் இடத்தைப் படம் பிடிப்பதில்லை, அடுக்கிச் சேர்க்கிறது. லோரேன் 1637இல் ரோம் நகரத்துக்குள் இருக்கும் மெதிச்சி மாளிகையைத் தூக்கிக் கொண்டுபோய்த் துறைமுகக் கரையில் வைத்து வரைந்தார். எனவே தொடுவானத்தில் பாக் நீரிணையை ஒரு மெல்லிய வெள்ளிக் கோடாக வைக்கலாம். அந்தக் கடல் நமக்குக் கிழக்கே இருப்பதால் தண்ணீருக்கு மேல் சூரியன் என்றால் அது காலை நேரம்தான். நிழல்கள் நம்மை நோக்கி நீளும். வெளிச்சத்தின் திசையை மட்டும் அடுக்கிச் சேர்க்க முடியாது, அது படம் முழுக்க ஒன்றாக இருந்தாக வேண்டும்.

இனி அளவு. 36 அங்குல அகலம், 24 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். தொடுவானம் கீழ்விளிம்பிலிருந்து 9 அங்குலத்தில். அருளானந்தரின் பாதம் கீழிருந்து 3 அங்குலத்தில், அவர் உயரம் 2 அங்குலம். பாதத்துக்கும் தொடுவானத்துக்கும் 6 அங்குலம் இருப்பதால், பார்ப்பவரின் கண் மூன்று ஆள் உயரத்தில், அதாவது சுமார் பதினாறு அடியில் இருக்கிறது என்று கணக்கு. தட்டை நிலத்தில் இந்த உயரம் எங்கிருந்து வரும்? கண்மாய்க் கரைதான். பத்தடிக் கரைமேல் நின்று பார்த்தால் கண் அந்த உயரத்துக்கு வந்துவிடும். படம் வரையும் முன் ஏதாவது ஒரு பெரிய கண்மாய்க் கரையில் காலை ஆறரை மணிக்கு நின்று, கீழே நடக்கும் ஆட்களின் தலை தொடுவானத்துக்கு எவ்வளவு கீழே வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதத்திலிருந்து தொடுவானம் வரையுள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கே ஆள் என்ற இந்தக் கணக்கைச் சமதரையில் நிற்கும் எல்லா ஆட்களுக்கும் போடுங்கள். பாதம் கீழிருந்து 6 அங்குலத்தில் என்றால் தொடுவானத்துக்கு 3 அங்குலம், ஆள் ஓர் அங்குலம். 7½இல் என்றால் ஆள் அரை அங்குலம். இதைப் போடாமல் கண்மதிப்பில் வைப்பதால்தான் பல படங்களில் பின்னால் நிற்கும் சேவகன் முன்னால் நிற்பவரைவிட ராட்சதனாகத் தெரிகிறான். ஆடு மாட்டையும் பக்கத்து ஆளோடு ஒப்பிட்டே வையுங்கள். ஆட்டின் முதுகு ஆளின் இடுப்பைத் தாண்டக்கூடாது.

பரப்பு விஷயத்தில் நம் கரையில் கொஞ்சம் பிடிவாதமாக இருக்க வேண்டும். பழைய முறையில் கேன்வாஸுக்கு விலங்குத் தோல் பசை பூசுவார்கள். அந்தப் பசை ஈரத்தை உறிஞ்சி இளகும், வெயிலில் இறுகும். ஐப்பசி கார்த்திகையில் கேன்வாஸ் தொய்ந்து, பங்குனியில் விறைத்து, சில வருஷத்தில் மேலே இருக்கும் வண்ணம் வெடிக்கும். பசை ஈரமாக இருந்தால் பூஞ்சையும் பிடிக்கும். மைதாப் பசை இன்னும் மோசம். அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) போட்ட கேன்வாஸ் பாதுகாப்பானது. சட்டத்தில் அடிக்கச் சாதாரண இரும்பு ஆணி வேண்டாம், உப்புக் காற்றில் துருப்பிடித்து அந்த இடத்தில் துணியே இற்றுப்போகும். செம்பு ஆணியோ துருப்பிடிக்காத ஸ்டேப்பிளோ வாங்குங்கள். மூலைகளில் ஆப்பு வைத்த சட்டமாக இருந்தால் தொய்வு வரும்போது தட்டி இறுக்கலாம். எம்.டி.எஃப். பலகை ஓரத்தில் ஈரம் ஏறி உப்பிவிடும், தொடவே வேண்டாம். கடைப் பெயர்ப் பலகைக்குப் போடுகிற ஏ.சி.பி. ஷீட் நல்ல மாற்று. மேல்பூச்சை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டி மழுங்கடித்துவிட்டு ஜெஸ்ஸோ போட வேண்டும்.

ஜெஸ்ஸோ மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள் காயவிட்டு 220 நம்பர் தாளால் லேசாகத் தேய்ப்பு. ஜெஸ்ஸோவை இளக்கப் போர்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். கரையோர ஊர்களில் அது உப்பு. தண்ணீர் ஆவியான பின் உப்பு உள்ளேயே தங்கி, ஈர நாட்களில் வண்ணத்துக்கு அடியில் வெள்ளையாகப் பூத்துத் தள்ளும். கேன் தண்ணீர் அரை டம்ளர் போதும் இந்த வேலைக்கு.

அடுத்து தரை வண்ணம். 17ஆம் நூற்றாண்டு ரோமில் செம்பழுப்புத் தரைமேல் வரைவது பரவலான வழக்கம். வெள்ளைத் தரையில் எதை வைத்தாலும் இருட்டாகத் தெரியும், அடர்த்தியைக் கணிக்க முடியாது. நடுத்தரச் செம்பழுப்பில் வெளிச்சமும் நிழலும் இரண்டும் சட்டென்று தெரியும். ட்யூபில் இருக்கும் பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) ரா அம்பரும் (மண்பழுப்பு) சம அளவு எடுத்து டர்பன்டைனில் இளக்கிப் பூசி, ஐந்து நிமிஷத்தில் பழைய துணியால் துடைத்துவிட்டால் தரை தயார். ஒரு பழுதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் வண்ணம் வருஷம் போகப்போகக் கண்ணாடித்தன்மை கூடும், அடித்தரை மேலே தெரிய ஆரம்பிக்கும். தரையை மிகக் கறுப்பாகப் போட்ட அந்தக் காலத்துப் படங்கள் பல இன்று இருண்டு கிடப்பதற்கு இது ஒரு காரணம். ஆகவே செங்கல் நிறத்தைவிட இருட்டாகப் போக வேண்டாம்.

நேரம் இருப்பவர்கள் நம் செம்மண்ணிலிருந்தே இந்த வண்ணத்தை எடுக்கலாம். ஓரியூர்த் திருத்தலத்து மணலைப் பக்தியோடு எடுத்துப்போகிறார்கள், அதை அரைக்க வேண்டாம். வேறிடத்துச் செம்மண் இரண்டு கை அள்ளி, ஐந்து லிட்டர் வாளியில் போட்டுக் கலக்குங்கள். ஒரு நிமிஷத்தில் பருமணல் அடியில் தங்கும். மேலே செந்நீராக நிற்பதை இன்னொரு வாளிக்கு மாற்றி ராத்திரி முழுக்க விட்டால் காலையில் அடியில் மெல்லிய செஞ்சேறு படிந்திருக்கும், மேலே தெளிந்த தண்ணீர். அதை இறுத்துவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி, மூன்று நான்கு முறை இதையே செய்ய வேண்டும். மண்ணில் இருக்கும் உப்பு போவதற்காக. வீட்டில் ஆர்.ஓ. வைத்திருப்பவர்களிடம் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். இறுத்த தண்ணீருக்கு மீட்டர் காட்டும் எண்ணும் ஊற்றிய தண்ணீருக்குக் காட்டும் எண்ணும் நெருங்கி வந்தால் உப்பு போய்விட்டது. சேற்றை நிழலில் உலர்த்தி, நுணுக்கி, பழைய வேட்டித் துணியில் சலித்தால் கையில் மாவு போல ஒட்டும் சிவப்புத்தூள் கிடைக்கும். மொரமொரப்பு தெரிந்தால் மறுபடி சலியுங்கள். வழவழப்பான கடப்பாக் கல்லிலோ தடித்த கண்ணாடியிலோ மூன்று ஸ்பூன் தூளுக்கு ஒரு ஸ்பூன் ஆளிவிதை எண்ணெய் விட்டு அரைக்க வேண்டும். முதலில் புட்டுமாவு போல உதிரும். எண்ணெய் பற்றவில்லை என்று உடனே கூட்டாதீர்கள், அரைக்க அரைக்க இளகும். பேஸ்ட் பதம் வந்ததும் நிறுத்திவிடலாம்.

எண்ணெய் என்றதும் ஹார்டுவேர் கடை பாயில்டு ஆயிலை வாங்காதீர்கள். கதவுக்குப் போடும் அது படத்தில் மஞ்சளடித்துத் தோல் சுருங்கும். ஓவியர்களுக்கான சுத்திகரித்த லின்சீட் ஆயில் சின்னப் பாட்டில் ஒன்று இந்தப் படத்துக்குத் தாராளம். கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போக எண்ணெய் கூடுதல், இது மாறக்கூடாது. முதல் அடுக்குக்கு வெறும் டர்பன்டைன். இரண்டாவதுக்கு டர்பன்டைன் மூன்று பங்கு, எண்ணெய் ஒரு பங்கு. மூன்றாவதுக்குச் சமம். மாறினால் அடியில் இருக்கும் கொழுத்த அடுக்கு மெதுவாகக் காயும், மேலடுக்கு முந்திக்கொண்டு இறுகி, வெடிப்பு விழும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீர் உள்ள டின்னில் போடுங்கள்.

முதல் அடுக்கில் அம்பர் ஒன்றை மட்டும் வைத்து நான்கு அடர்த்திகளையும் போட்டுவிட வேண்டும். அம்பரில் இருக்கும் மாங்கனீசு காய்தலை வேகப்படுத்தும், மாசி பங்குனியில் ஒன்றிரண்டு நாளில் தொட்டால் ஒட்டாது. ஐப்பசியில் ஒரு வாரம்கூட இழுக்கும். இந்தக் கட்டத்திலேயே பத்தடி தள்ளி நின்று பாருங்கள். வண்ணமே இல்லாமல் வெளிச்சத் துண்டுக்குக் கண் போகிறதா? போகவில்லை என்றால் அப்போதே திருத்துங்கள், வண்ணம் போட்டபின் அது திருந்தாது.

வானத்தை ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். பேலட்டில் ஐந்து கலவை தனித்தனியாகப் பிசைந்து வைத்துக்கொள்ளுங்கள். தொடுவானத்துக்கு டைட்டானியம் ஒயிட் பத்துப் பங்கில் யெல்லோ ஓக்கர் ஒன்று, மேலே ஏற ஏற ஓக்கர் குறைந்து அல்ட்ராமரைன் கூட வேண்டும். நடுவில் மஞ்சளும் நீலமும் சேரும் இடத்தில் பச்சை தட்டும். அந்த ஒரு கலவையில் மட்டும் கடுகளவு லைட் ரெட் சேர்த்தால் பச்சை அடங்கும். கலவைகள் சந்திக்கும் ஓரங்களை ஈரமாக இருக்கும்போதே, அகலமான, மென்மையான, காய்ந்த பிரஷ்ஷால் இறகு தடவுவதுபோலத் தடவிச் சேருங்கள். விரலாலும் செய்யலாம், லோரேன் படங்களிலேயே விரல் தடம் இருக்கிறது. சிங்க் ஒயிட் வேண்டாம், எண்ணெயில் நொறுங்கும் தன்மை உடையது. அந்தக் காலத்து ஈய வெள்ளை நஞ்சு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஈர வானத்தில் மணல் துகள் ஒட்டும். ஈரத்தில் எடுக்கப் போனால் கோடு விழும், காய்ந்தபின் பிளேடு முனையால் தட்டினால் உதிர்ந்துவிடும்.

மரத்தை இலை இலையாகத் தொடங்காதீர்கள். உடைமரத் தலையை முழுதாக ஒரே இருட்டாக, பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைனும் கலந்து மெல்லிதாகப் போடுங்கள். கறுப்பு ட்யூப் தேவையில்லை. பிறகு வெளிச்சம் படும் மேல்விளிம்பில் மட்டும் ஓக்கர் கலந்த பச்சையைத் தடிப்பாகத் தொட்டு வையுங்கள். நிழல் மெல்லிது, வெளிச்சம் தடிப்பு என்பது படம் முழுவதற்கும் பொது. இலைகளுக்கு நடுவே தெரியும் வான ஓட்டைகளை வானத்தைவிட ஒரு படி மங்கலாகப் போட வேண்டும். அதே வெளிச்சத்தில் போட்டால் மரத்தில் விளக்கு தொங்குவதுபோல இருக்கும். பழைய படங்களில் இலைகள் நீலமாகத் தெரிவதைப் பார்த்துவிட்டு அப்படியே காப்பி அடிப்பவர்கள் உண்டு. பல படங்களில் அது ஓவியர் வைத்த நிறம் அல்ல. நீலத்தோடு கலந்திருந்த தாவர மஞ்சள் வெளிச்சத்தில் வெளுத்துப்போனதன் விளைவு.

புனிதர் கடைசியில்தான் வருவார். இரண்டங்குல உடலில் தலை கால் அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். கண், மூக்கு வரைய இடமில்லை, வரையவும் கூடாது. நெற்றி, கன்னம் ஒரு வெளிச்சம், முகத்தின் மறுபாதி ஒரு நிழல், தாடி ஒரு இருட்டு என்று மூன்று தொடுதல் போதும். நம்பர் 1 ரவுண்ட் பிரஷ், நுனி உடையாதது. காவி அங்கி, தலைப்பாகை, கையில் கோல் என்று நம் மக்களுக்குப் பழகிய கோலமே இந்த அளவுக்கு மிகவும் ஏற்றது, தூரத்திலிருந்தே அவர் யார் என்று சொல்லிவிடும். பின்னால் கண்மாய்த் தண்ணீரின் சாம்பல் வெள்ளி இருக்கும்படி நிறுத்துங்கள். காவி அதன்மேல் எரியும். அந்தக் காவியை வேறெங்கும் அதே தீவிரத்தில் வைக்காதீர்கள், சேவகர்களின் துணியிலும் மங்கிய சிவப்பே போதும். தரை வண்ணம் செம்பழுப்பாக இருப்பதால் அங்கியின் நிழல் பாகத்தைத் தீட்டவே வேண்டாம், தரையை அப்படியே விட்டுவிட்டு வெளிச்சப் பாகத்தை மட்டும் தொடலாம். அவர் காலடியிலிருந்து நம்மை நோக்கி வரும் நிழல் அவர் உயரத்தைவிட நீளமாக இருக்க வேண்டும், காலைச் சூரியன் தாழ இருக்கிறதே. பாதத்தோடு ஒட்டும் இடத்தில் அந்த நிழல் கருமையாகவும், தள்ளிப்போகப்போக மங்கியும் இருக்கட்டும். இந்த நிழலை மறந்தால் ஆள் அந்தரத்தில் மிதப்பார், எவ்வளவு நன்றாக முகம் வந்திருந்தாலும்.

வெட்டும் தருணத்தை வரைவதா என்பதில் என் கருத்து உறுதியானது: வேண்டாம். வாளும் ரத்தமும் இந்த அளவில் தெரியாது, தெரியவைத்தால் நிலம் முழுதும் வெறும் ஒப்பனை ஆகிவிடும். அவர் கரையோரம் நடத்திச் செல்லப்படும் நேரம், அல்லது முழந்தாளிட்டுச் செபிக்கும் நேரம். சேவகர்கள் சற்றுத் தள்ளி, முதுகு காட்டி. ஆடு மேய்ப்பவர் ஒருவர் அப்பால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கராச்சி படத்திலும் படகுக்காரர் தன் பாட்டுக்குத்தான் படகு தள்ளுகிறார்.

வார்னிஷ் போட ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். மழைக்காலத்தில் போட்டால் வெண்புகை படர்ந்ததுபோல மங்கும், மரப்பிசினில் செய்த டாமர் வார்னிஷில் இது அதிகம். மாசி அல்லது பங்குனியில், காற்று அடங்கிய ஒரு உச்சி நேரத்தில், ஓவியர்களுக்கான செயற்கை வார்னிஷை மெல்லிய இரண்டு பூச்சாகப் போடுங்கள். மாட்டும்போது சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் அரை அங்குலக் கார்க் துண்டு ஒட்டினால் சுவரின் ஓதம் ஏறாது, காற்றும் ஓடும். மெழுகுதிரி ஸ்டாண்டுக்கு நேர்மேலே மாட்டினால் இரண்டு வருஷத்தில் வானம் புகையடித்துவிடும். ஆணி அடிக்கும் உயரத்தைப் படத்தின் மேல்விளிம்பை வைத்துக் கணக்கிடாதீர்கள். உள்ளே இருக்கும் தொடுவானம், நின்று பார்ப்பவரின் கண்மட்டத்துக்கு, தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடிக்கு வரவேண்டும். கண்மாய்க் கரைமேல் போட்ட உயரக் கணக்கெல்லாம் அங்கிருந்து பார்த்தால்தான் நிற்கும்.